எஞ்சின் ஆயில்: கேனுக்குள் இருப்பதை எதை வைத்து நம்புவது?

நான் வண்டியைச் சர்வீசுக்கு விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆயிலை ஊற்றியதும் மெக்கானிக் அண்ணன் கடைசிச் சொட்டு வடியும்வரை கேனைச் சாய்த்துப் பிடித்திருப்பார். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் அதன் அடியில் இரண்டு இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிட்டுத்தான் சாக்கில் எறிவார். ஏன் என்று கேட்டபோது, "முழுசாப் போட்டா பழைய இரும்புக் கடைக்குப் போயி, திரும்ப நம்மகிட்டயே ஆயிலோட வந்துரும் தம்பி" என்றார். போலி எஞ்சின் ஆயில் உருவாகும் விதத்தில் பாதியை அந்த ஒரு பதில் சொல்லிவிடுகிறது. மறுபாதி கேனுக்குள் இருக்கும் திரவத்தின் வேதியியலில் இருக்கிறது. அதை அறிந்தால்தான், கண்ணாலும் மூக்காலும் விரலாலும் ஆயிலைச் சோதிக்க நாம் செய்யும் முயற்சிகள் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

எஞ்சின் ஆயிலின் எடையில் பொதுவாக 70 முதல் 90 சதவீதம் வரை இருப்பது பேஸ் ஆயில் எனப்படும் அடிப்படை எண்ணெய். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் போன்ற இலகுவான பகுதிகள் பிரிந்தபின் எஞ்சும் கனமான பகுதியை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மெழுகையும் வேண்டாத சேர்மங்களையும் நீக்கி அதை எடுக்கிறார்கள். சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தயாரிக்கிறது. வேகமாகச் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில் சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் நின்றால் போதும், உலோகம் உலோகத்தைத் தொடாது. அந்த வேலையைத் தனி அடிப்படை எண்ணெயே ஓரளவு செய்துவிடும்.

எஞ்சினின் எல்லா இடங்களிலும் அந்தப் படலம் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். வால்வைத் திறக்கும் கேமின் மூக்கும் பிஸ்டன் வளையமும் எண்ணெயை அழுத்திப் பிழிந்து தள்ளிவிட்டு உலோகத்தோடு உரசுகின்றன. நிமிடத்துக்கு 6000 முறை சுழலும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் தண்டு அதில் பாதி வேகத்தில், அதாவது விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த உரசல் நிகழ்கிறது. அங்கே காப்பாற்றுவது இசட்டிடிபி (ZDDP) என்று சுருக்கமாக அழைக்கப்படும், துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் கொண்ட ஒரு சேர்மம். 1940களிலிருந்து பயன்பாட்டில் உள்ள இது, உரசலின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிதைந்து, எஃகின்மேல் கண்ணாடி போன்ற ஒரு தோலாகப் படிகிறது. உரசலில் தேய்வது அந்தத் தோல், எஃகு அல்ல. தேயத் தேய ஆயிலிலிருந்து புதுத் தோல் படிந்துகொண்டே இருக்கும். அதன் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஆயிரம் தோல்களை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரும்.

அடுத்த எதிரி எரிபொருளிலிருந்தே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விட்டாலும், சிறு பங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளோடு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கி அமிலமாகிறது. அதை முறிப்பதற்கென்று கால்சியம், மக்னீசியம் கலந்த காரச் சேர்மங்கள் ஆயிலில் இருக்கின்றன. துறைக்காரர்கள் இவற்றை டிடர்ஜென்ட் என்கிறார்கள். டிஸ்பர்சென்ட் என்ற மற்றொரு வகை, கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகப் படியாதபடி தனித்தனியே மிதக்கவைக்கிறது. ஆயில் மாற்றிச் சில வாரங்களில் கறுத்துவிட்டது என்று வருந்துவோர் பலர்; துகள்களை ஆயில் தன்னுள் ஏந்திக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அந்தக் கறுப்பின் பொருள். இவை தவிர, சூட்டில் ஆயில் அளவுக்கு மீறி இளகிவிடாமல் தடுக்கும் பாலிமர்களும், நுரையை அடக்க மிகச் சிறிதளவு சிலிகானும் சேர்க்கப்படுகின்றன.

இந்தச் சேர்மானங்களின் அளவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானிய ஜாசோ தரம், எடையில் 0.08 முதல் 0.12 சதவீதம் பாஸ்பரஸ் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு லிட்டர் கேனுக்கு அது ஏறத்தாழ ஒரு கிராம். அந்த ஒரு கிராம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயிலின் நிறமோ மணமோ வழவழப்போ மாறுவதில்லை.

இரு விரலுக்கிடையே ஒரு சொட்டைத் தேய்த்து "நல்லாக் கெட்டியா இருக்கு" என்று சொல்லும் சோதனை தோற்பது இதனால்தான். விரல் உணர்வது பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையை மட்டுமே, அதிலும் அறையின் வெப்பத்தில் மட்டுமே. ஆயிலில் போலி செய்ய மிக எளிதானதும் மலிவானதும் அந்தக் குணமே. கனமான அடிப்படை எண்ணெயைக் கொஞ்சம் கலந்தால் வேண்டிய கெட்டித்தன்மை வந்துவிடும். நிறத்தைச் சாயத்தால் கொண்டுவந்துவிடலாம். ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பதும் தீயில் காட்டிப் பார்ப்பதும் சேர்மானங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. சேர்மானமே இல்லாத ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் வரிசையில் எஸ்ஏ என்று ஒரு பெயர் உண்டு. 1930க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது ஏற்றதல்ல என்று ஏபிஐயே எழுதி வைத்திருக்கிறது. அடிப்படை எண்ணெயை மட்டும் அடைத்து விற்பவர், இன்றைய வண்டிக்கு அந்தக் காலத்து ஆயிலைத்தான் விற்கிறார்.

அதை ஊற்றியவுடன் எஞ்சின் நின்றுவிடுவதுமில்லை. அன்றும் மறுநாளும் வண்டி வழக்கம்போல் ஓடும். கேம் தேய்ந்து சத்தம் வருவதற்கும் வளையம் தேய்ந்து புகை வருவதற்கும் பல மாதங்கள் ஆகும்; அதற்குள் இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றியிருப்போம் என்பதால், எந்தக் கேன் இதைச் செய்தது என்று சொல்ல வழி இருக்காது. கெட்ட பாலைக் காய்ச்சினால் அப்போதே திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆயில் அப்படிக் காட்டிக்கொடுக்காது என்பதே போலிக்காரரின் பெரிய பலம்.

ஆகவே நாம் நம்புவது ஆயிலை அல்ல, லேபிளில் உள்ள உறுதிமொழியை. அதில் ஒவ்வொரு எழுத்தும் வேறு வேறு செய்தியைச் சொல்கிறது. 20டபிள்யூ-40 என்பது வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த பாகுநிலை எண். 100 டிகிரி செல்சியஸில் அது 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3க்குள் இருக்க வேண்டும் என்பது பின்னெண்ணின் பொருள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். இது தரத்தைப் பற்றிய எண்ணே அல்ல. சேர்மானமற்ற எண்ணெயும் இந்த அளவுக்குள் அடங்கிவிடலாம். தரத்தைச் சொல்வது ஏபிஐ எழுத்துகள்: எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தவை. இவற்றை எட்ட, தேய்மானம், சேறு, அரிப்பு ஆகியவற்றுக்கென வகுத்த முறைப்படி எஞ்சின்களையே ஆய்வகத்தில் ஓட்டிப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் "ஏபிஐ எஸ்என்" என்று வெறும் எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்த வாக்குறுதி மட்டுமே. நடுவில் பாகுநிலை எண்ணும் மேல் வளைவில் தர எழுத்தும் கொண்ட வட்ட முத்திரை, உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை ஏபிஐ தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது, உரிமம் பெற்ற ஆயில்களைக் கடைகளிலிருந்தே வாங்கிச் சோதிக்கவும் செய்கிறது.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஜாசோ குறியும் முக்கியம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து சுழல்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் மிகுந்த சில கார் ஆயில்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். அதனால் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டருக்கு எம்பி என்று பிரித்திருக்கிறார்கள். அசல் ஆயிலும் பொருந்தாத வண்டிக்குப் போனால் கெடுதல் செய்யும் என்பதை, போலியைப் பற்றிய கவலையில் நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த உறுதிமொழியைச் சிதையாமல் நம் கைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு கேனுக்கு. மூடியைத் திருகியதும் அறுந்து கழுத்திலேயே தங்கும் வளையம் முதல் காவல். அதன் அடியில் உள்ள அலுமினியத் தாள் இரண்டாவது. மூடியைப் பூட்டியபின் கேன் ஒரு மின்காந்தச் சுருளுக்குக் கீழே நகர்கிறது. தாளில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது சூடாகிறது. அதன் அடிப்பூச்சு உருகிக் கழுத்தின் விளிம்போடு இணைகிறது. தாளை உரித்தால் விளிம்பு முழுவதும் சீரான தடம் தெரிய வேண்டும். பசை பிசுபிசுத்தாலோ, தாள் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தாலோ சந்தேகப்படலாம். எனினும் இத்தகைய சீல் போடும் சிறு கருவிகள் சந்தையில் கிடைப்பதால், சரியான சீல் மட்டுமே அசலுக்குச் சான்றாகிவிடாது. க்யூஆர் குறியும் அப்படித்தான். எல்லாக் கேனிலும் ஒரே குறி இருந்தால் நகலெடுப்பது எளிது. கேனுக்குக் கேன் மாறும் எண், சுரண்டினால் மட்டும் தெரியும் இடத்தில் இருந்து, ஒருமுறை சரிபார்த்ததும் தயாரிப்பாளரின் கணினியில் பதிவாகிவிட்டால்தான் அதே எண் மறுபடி வரும்போது பிடிபடும். மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. கேனில் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்க்கலாம்.

போலிக் கேனுக்குள் பல நேரம் போவது வடித்தெடுத்த பழைய ஆயில்தான். அதை அமிலத்தாலும் களிமண்ணாலும் வெளுத்தால் புதியதுபோல் பொன்னிறமாகிவிடும். ஆனால் தீர்ந்துபோன சேர்மானங்கள் அதனால் திரும்பி வருவதில்லை. முறையான மறுசுத்திகரிப்பை இதோடு சேர்த்துப் பழிக்கக் கூடாது. அங்கே பழைய ஆயிலை வெற்றிடத்தில் மீண்டும் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் தூய்மைப்படுத்தி நல்ல அடிப்படை எண்ணெயை மீட்டு, சேர்மானங்களைப் புதிதாகக் கலக்கிறார்கள். அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அழுக்காகிறதே ஒழிய அழிந்துவிடுவதில்லை.

ஆய்வகத்தின் முன் இந்தப் போலி நெடுநேரம் நிற்காது. ஆயிலைக் கரைப்பானில் கலந்து, பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தில் ஒளிவிடும். துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் எவ்வளவு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புது ஆயிலில் இரும்பும் சிலிக்கானும் கணிசமாகத் தெரிந்தால், அது ஏற்கெனவே ஓர் எஞ்சினின் தேய்மானத்தையும் சாலைத் தூசியையும் பார்த்து வந்தது என்று பொருள். அமிலத்தை முறிக்கும் திறன் கார எண்ணாக அளக்கப்படுகிறது. புதிய பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் அது பொதுவாக 6 முதல் 10 வரை இருக்கும், வெறும் அடிப்படை எண்ணெயில் கிட்டத்தட்டச் சுழியம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் ஓரளவு பொருளுள்ளது வடிதாள் சோதனை ஒன்றுதான். அதுவும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய ஆயிலுக்கே பொருந்தும். டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஓர் இரவு கிடையாக வைத்திருந்தால், டிஸ்பர்சென்ட் உயிரோடு உள்ள ஆயில் கரியையும் சுமந்துகொண்டு சீரான சாம்பல் வட்டமாகப் பரவும். கரி நடுவில் கறுப்புப் பொட்டாகத் தேங்கி, வெறும் எண்ணெய் மட்டும் வெளியே படர்ந்திருந்தால் ஆயில் அந்தத் திறனை இழந்துவிட்டது. ஆயில் அசலா என்பதை இது நிரூபிக்காது. அண்மையில் மாற்றிய ஆயில் இப்படிக் காட்டினால் விசாரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

நான் இப்போது பில் போட்டுத் தரும் கடையில்தான் ஆயில் வாங்குகிறேன். கேனை என் கண்முன் திறக்கச் சொல்லி, தொகுதி எண்ணைப் படமெடுத்துக்கொள்கிறேன். ஏதேனும் ஐயம் தோன்றினால் முழுவதையும் ஊற்றவிடாமல், அடியில் 100 மில்லியாவது கேனிலேயே மிச்சம் வைத்து மூடி, பில்லோடு எடுத்துவைத்துவிட்டு லேபிளில் உள்ள புகார் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எஞ்சினுக்குள் போன ஆயில் கரியோடும் பழைய ஆயிலின் மிச்சத்தோடும் கலந்துவிடும் என்பதால், ஆய்வகத்துக்குப் பயன்படும் சான்று கேனில் நிற்கும் அந்த 100 மில்லிதான். அந்த ஒரு கேனில் மட்டும் ஓட்டை போட வேண்டாம் என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.