மேனியாவுக்கு முன் கிடைக்கும் அவகாசம்

மேனியா எனப்படும் மிகையான மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் உள்ள ஒருவரோடு வாழும் குடும்பம், அவர் மிக நன்றாக இருக்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் பிழை செய்கிறது. வேலைக்குப் போகிறார், நன்றாக உறங்குகிறார், பழையபடி பேசுகிறார் என்றானதும், ‘இனி எதற்கு மாத்திரை?’ என்ற கேள்வி அவரிடமிருந்து மட்டுமன்றி, அவர்மீது அன்பு கொண்ட வீட்டாரிடமிருந்தும் எழுகிறது. இது நம்பிக்கைபோல் தோன்றினாலும், உண்மையில் நோயின் இயல்பைத் தவறாகக் கணிப்பதாகும். ஆகவே ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்று வீட்டாரிடம் பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எதன்மீது நம்பிக்கை வைக்கலாம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது மருந்து. லித்தியம் மேனியாவைத் தணிப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் எழுதினார். டென்மார்க்கின் மனநல மருத்துவர்களான மோகன்ஸ் ஷௌவும் பாஸ்ட்ரப்பும், அதைத் தொடர்ந்து உட்கொண்டால் நோய் திரும்புவதே குறைகிறது என்று 1967-இல் அறிவித்தபோது, அது வெறும் கட்டுக்கதை என்று லண்டனிலிருந்து கடும் மறுப்பு வந்தது. ஷௌவின் உடன்பிறந்தவர் அடிக்கடி திரும்பும் மனச்சோர்வால் துன்புற்று லித்தியத்தால் தேறியவர் என்பதால், ஷௌவின் நடுநிலைமையும் ஐயத்துக்கு உள்ளானது. அதற்கு விடையாக 1970-இல் வெளியான ஆய்வில், லித்தியத்தால் நலமாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர், அவர்களும் மருத்துவர்களும் அறியாதவாறு மருந்தில்லாத போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டனர். ஐந்து மாதங்களுக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது. மருந்தில் நீடித்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இன்றைய நெறிகளின்படி அத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது அரிது. லித்தியம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றினாலோ, ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொண்டாலோ அதன் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும் என்பதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, நோய் முன்கூட்டியே தரும் அறிகுறிகள். பலருக்கு மேனியா ஒரே நாளில் வெடிப்பதில்லை. நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மெல்ல ஏறுகிறது, அதுவும் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ அதே வரிசையில் ஏறுகிறது. ஒருவர் நள்ளிரவில் பழைய நண்பர்களை அழைக்கத் தொடங்குவார். இன்னொருவர் ஒரே வாரத்தில் மூன்று புதிய தொழில்களுக்குத் திட்டம் போடுவார். இவற்றுள் மிகப் பொதுவானது உறக்கம் குறைவது; அதாவது, நான்கு மணி நேரமே உறங்கியும் களைப்பின்றி எழுவது. உறக்கக் குறைவு அறிகுறியாக இருப்பதோடு தூண்டுதலாகவும் அமைகிறது என்பதே இதில் முக்கியமானது. இரவுப் பணி, நீண்ட பயணம், பிரசவத்தை அடுத்த வாரங்கள் ஆகியவற்றில் உடலின் நாள்கடிகாரம் குலையும்போது மேனியா எளிதில் மூள்கிறது. தத்தம் அறிகுறிகளை அடையாளம் கண்டு உடனே மருத்துவரை அணுகுமாறு நோயாளிகளுக்குக் கற்பித்த ஓர் ஆய்வு 1999-இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கு 17 வாரங்களில் மேனியா திரும்பியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் கால்வாசிப் பேர் அந்நிலையை எட்ட 65 வாரங்கள் ஆயின.

ஆனால் இந்த விழிப்பே வீட்டின் சூழலைக் கெடுத்துவிடவும் கூடும். அவர் சற்று உரக்கச் சிரித்தால் ‘மாத்திரை போட்டாயா?’ என்று கேட்பதும், ஒரு புடவை கூடுதலாக வாங்கினால் மொத்த வீடும் கவலையோடு பார்ப்பதும், கண்காணிப்பு எப்படிக் குறைகூறலாக மாறுகிறது என்பதற்குச் சான்று. குறைகூறலும் பகைமையும் அளவுமீறிய தலையீடும் மிகுந்த குடும்பங்களில் நோய் விரைவில் திரும்புவதை ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன் லண்டனில் மனச்சிதைவு நோயாளிகளிடம் முதலில் கண்டார். 1988-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸின் குழு இருமுனை நோயிலும் அதையே கண்டது. குறைகூறலே நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. நோயின் உபத்திரவம் குடும்பத்தை எரிச்சல்படுத்துகிறது, எரிச்சல் நோயாளியை அலைக்கழிக்கிறது, சுழல் இரு பக்கமும் சுற்றுகிறது. இச்சுழலைப் பயிற்சியால் தளர்த்த முடியும். குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சை உட்பட, தீவிர உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மனச்சோர்விலிருந்து மீண்டதையும், சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரே மீண்டதையும் 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இந்த நம்பிக்கைக்கு எல்லையும் உண்டு. முன்னறிகுறிப் பயிற்சி மேனியாவைத் தள்ளிப்போட்டதே தவிர, மனச்சோர்வைக் குறைக்கவில்லை. இந்நோயில் அதிகக் காலத்தை விழுங்குவதோ மனச்சோர்வுதான். அது வாரக்கணக்கில் நீடிக்கும்போது, ‘மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’ என்ற அறிவுரையைவிட, அவர் எழும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மாறாமல் காப்பது கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. தற்கொலைப் பேச்சு எழுந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது.

நலமாக உள்ள காலத்தில் அவரே தம் முன்னறிகுறிகளையும், அவை தோன்றினால் எந்த மருத்துவரை அழைக்க வேண்டும், வங்கி அட்டையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம். தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பதிவுசெய்யும் உரிமையை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கிறது. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம். நோயாளி மட்டுமன்றி, அவரைப் பார்த்துக்கொள்பவரும் தமக்காக அழைக்கலாம்.