வீட்டில் செய்த டிகம்ப்ரெஷன் லீவர்: வால்வு முழுதாக மூடுகிறதா?

பினாங்கில் என் பட்டறைக்குப் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளோடு வரும் இளைஞர்கள் சிலர், தாங்களே செய்து மாட்டிய டிகம்ப்ரெஷன் லீவரை, அதாவது கிக்கரை எளிதாக உதைக்க வால்வைச் சற்றுத் திறந்துவிடும் கைப்பிடியை, ஆசையோடு காட்டுகிறார்கள். அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது என்பதற்காக வேலை சரியாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

500 சிசி என்ஜினில் பிஸ்டன் மேலேறி அழுத்தும் காற்றை எதிர்த்துக் கிக்கரை அமுக்குவது எளிதன்று. எரிந்த புகையை வெளியேவிடும் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கினால் காற்று வெளியேறி, பிஸ்டன் உச்சியைத் தாண்டும். யமாஹா எஸ்ஆர் 500 இந்த லீவரோடுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதைப் பார்த்துப் பலர் ஹெட்டின் (சிலிண்டரின் மேல்பகுதி) மேலுள்ள ராக்கர் மூடியில் துளையிட்டு, ஒரு பக்கம் சீவிய சிறு தண்டைச் செருகி, அதன் முனையில் மாட்டிய சிறு கையைச் சைக்கிள் பிரேக் கேபிளால் இழுக்கிறார்கள்; தண்டு திரும்பி வால்வைத் திறக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு தம்பி, "அண்ணே, பாலேக் பூலாவ் மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்றார். கைப்பிடியில் லீவர் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது; ஹெட்டின் மேலிருந்த கை திரும்பவில்லை. விரலால் தள்ளியதும் சட்டென்று விழுந்தது. கேபிள் சூடான ஹெட்டை உரசியபடி போனதால், உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியைப் பிடித்திருந்தது. ஹெட்டைக் கழற்றினால், வால்வின் விளிம்பில் ஒரு பச்சரிசி நீளத்துக்கு உலோகமே இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் வேளையில் சீட் (வால்வு அமரும் வளையம்) வழியாகத்தான் இறக்குகிறது. மயிரிழை திறந்திருந்தாலும் கொதிக்கும் வாயு அந்த இடுக்கில் பாய்ந்து விளிம்பை எரித்துவிடும்.

ஆகவே, லீவரின் ஸ்பிரிங்கை நம்பாமல், ஹெட்டின் மேலுள்ள கைக்கே வலுவான ஸ்பிரிங் போடுங்கள். சைக்கிள் கேபிள் வேண்டாம். நம் கடற்காற்றிலும் மழையிலும் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். லீவரை விட்ட நிலையில் கேபிளில் தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். ஹேண்டலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகும் ஒருமுறை பாருங்கள். வால்வை அளவுக்கு மீறித் தூக்கினால் பிஸ்டன் அதில் மோதும். துளையிடுவதென்றால் மூடியைக் கழற்றி வைத்துத்தான் துளையிட வேண்டும். உலோகத் துருவல் ஹெட்டுக்குள் விழக் கூடாது.

உதைக்கும் முறையும் முக்கியம். லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் மெல்ல நகர்த்துங்கள். பிறகு லீவரை முழுதாக விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இறுதிவரை உதையுங்கள். அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஜப்பான் சிலிப்பரோடு (ரப்பர் செருப்பு) உதைத்துக் கணுக்கால் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஷூ அணியுங்கள்.

ஏற்கெனவே இப்படியொரு லீவரை மாட்டி ஓட்டுகிறவர்கள், பட்டறையில் லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனைக் காற்றை அழுத்தும் சுற்றின் உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்தும்போது சைலன்சரில் சீறல் கேட்டால், எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். சீறல் நின்றால் கோளாறு கேபிளில். நிற்காவிட்டால் ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும், அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.