செட்பேக்: சொல்லும் பொருளும்

வீடு கட்டவோ அடுக்ககத்தில் வீடு வாங்கவோ இறங்கியவர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று ‘செட்பேக்’. “நாலு பக்கமும் செட்பேக் விட்டிருக்கோம் சார்” என்பார் கட்டுநர். மனையின் எல்லைக்கும் கட்டடத்தின் சுவருக்கும் நடுவே, விதிப்படி ஒன்றும் கட்டாமல் விட வேண்டிய இடம் அது.

ஆங்கிலத்தில் இது ‘பின்னே தள்ளி வை’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். நகர விதிகளில் இந்தச் சொல் பெரிதாக அடிபட்டது நியூயார்க்கில். 1915இல் அங்கே ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடிகளுடன் தெருவை ஒட்டி நெட்டுக்குத்தாக எழும்பி, அக்கம்பக்கத்தை நிழலில் தள்ளியது. அடுத்த ஆண்டே வந்த மண்டல விதி, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மாடிகள் படிப்படியாக உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்றது. அங்கே முதல் கவலை வெளிச்சமும் காற்றும்.

நம் ஊரில் இந்தச் சொல் பெரும்பாலும் தரையில் விடும் இடத்தைத்தான் குறிக்கிறது. காற்றும் வெளிச்சமும் இங்கேயும் காரணம்தான். ஆனால் உயரமான கட்டடங்களுக்கு அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு: தீயணைப்பு வண்டி.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு மேல் போகும் கட்டடத்தை உயரமான கட்டடம் என்று வகுக்கிறது. அதற்கு 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் இடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னும் ஒரு மீட்டர் கூடும். வண்டியின் அகலம் இரண்டரை மீட்டர் அளவில்தானே, எதற்கு ஏழு என்று குடியிருப்போர் கூட்டங்களில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏணி வண்டி வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வண்டி வந்து நின்றதும் இரண்டு பக்கமும் கால்களை நீட்டித் தரையில் ஊன்றும். அதற்கு அப்புறம்தான் ஏணி மேலே எழும். கால் ஊன்ற இடமில்லை என்றால் அந்த ஏணியால் பயனில்லை. தரையும் தாங்க வேண்டும்: தேசிய கட்டட விதித்தொகுப்பு, 45 டன் வரை எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்கும் கெட்டித் தளம் கேட்கிறது. வண்டி வரும் பாதையில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் மூடியும் அந்தக் கணக்கில் சேரும்.

வரைபடத்தில் ‘7.00 மீ’ என்று அழகாக இருக்கும் இடம், குடிவந்த சில ஆண்டுகளில் என்ன ஆகிறது என்று போய்ப் பாருங்கள். சுவரோரம் மஞ்சள் கோடு போட்டு விருந்தினர் கார்கள். மூலையில் ஜெனரேட்டர். அதற்குத் தகரக் கூரை. கூரைக்கு ஒரு தூண். நடுவில் சிமென்ட் தொட்டியில் குரோட்டன்ஸ். இதில் எதையும் கெட்ட எண்ணத்தோடு யாரும் வைக்கவில்லை. சும்மா கிடக்கிற இடம்தானே என்று வைத்ததுதான். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து மறுநாளும் எரிந்தபோது, கட்டடத்தைச் சுற்றி வண்டி போக இடமில்லாதது ஊரெல்லாம் பேச்சானது. அது கடை. அடுக்ககத்தில் ராத்திரி எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் ‘பின்னடைவு’ என்று கிடைக்கும். அது தேர்தலில் வருகிற பின்னடைவு, கட்டடத்துக்கு ஒட்டாது. ‘பின்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இன்னொரு வகையிலும் தப்பு. வாசலிலும் பக்கவாட்டிலும் விடுகிற இடம் பின்பக்கத்து இடம் இல்லையே.

பேச்சுத் தமிழ் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. ‘தெருவிலிருந்து உள்வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்’ என்கிறோம், ‘இடம் விட்டுக் கட்டு’ என்கிறோம். உள்வாங்குவது கட்டடம். விடுவது இடம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது, நாம் பிரித்துக்கொள்ளலாம். மாடிகள் படிப்படியாகக் குறுகினால் ‘உள்வாங்கல்’. சுற்றிலும் விடும் இடத்துக்கு ‘விடுவெளி’ என்பது என் பரிந்துரை. வேண்டுமென்றே விட்டது என்பதை ‘விடு’ சொல்லும், மறைப்பின்றி இருக்க வேண்டும் என்பதை ‘வெளி’ சொல்லும். ‘காலியிடம்’ வேண்டவே வேண்டாம். காலி என்றாலே எதையாவது கொண்டுவந்து வைக்கத் தோன்றும்.

முன்பக்க விடுவெளிக்குப் பழைய சொல்லே இருக்கிறது: முன்றில். ‘இல்முன்’ என்பது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆனது. பள்ளியில் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். வண்டிக்கு ஏற்ற வாசல் என்ற நினைப்பும் நமக்குப் புதிதில்லை. நெடுநல்வாடையில் வரும் அரண்மனையின் கோபுர வாயில், வெற்றிக் கொடியைத் தாங்கிய யானை நிமிர்ந்தபடி உள்ளே போகும் உயரத்தில் நிற்கிறது. யானையை மட்டும் அளக்காமல் அதன் மேலுள்ள கொடியையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். நுழைவாயிலில் வளைவு கட்டிக் குடியிருப்பின் பெயரைப் பொறிப்பவர்கள், ஏணியோடு வரும் வண்டியின் உயரத்தையும் இப்படி அளந்துவிட்டால் நல்லது.

எழுதும்போது முன் விடுவெளி, பின் விடுவெளி, பக்க விடுவெளி என்று பிரித்து எழுதலாம். அறிவிப்புப் பலகைக்கு இவ்வளவு போதும்: ‘இது தீயணைப்பு வண்டிக்கான விடுவெளி. இங்கே எதையும் நிறுத்தவோ வைக்கவோ கூடாது.’