மச்சானின் ரிப்போர்ட்டும் சிம்பன்சியின் சாட்சியும்

கனடாவில் இருக்கும் என் மச்சான் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு மரபணு ரிப்போர்ட்டை அனுப்பி, "நீ பயோலொஜி படிச்சனிதானே, இது என்னெண்டு பார்" என்றான். அவனுடைய அப்பா, அதாவது என் மாமா, நாற்பது வயதில் மாங்குளத்தில் வயல் வரம்பிலேயே சரிந்தவர். இப்போது மச்சானுக்கும் எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். எம்வைஎச்7 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, விளைவு தெரியாது. ரிப்போர்ட் சொன்னது அவ்வளவுதான்.

இதயத் தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்தை அந்த மரபணுதான் செய்யவைக்கிறது. 1935 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி மாலையில் ஒரு மணி மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சில இடங்களில் மாறினால் மட்டும் தசை அளவுக்கு மிஞ்சி இழுத்து இழுத்துத் தடித்துவிடும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இப்படித் தடித்த இதயம் உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் கெட்ட எழுத்து இருந்தால் பிள்ளைக்குப் போக சரிபாதி வாய்ப்பு.

சரி, எது கெட்ட எழுத்து? ஊரில் உங்கள் லாண்ட்மாஸ்டர் நின்றுவிட்டது, கழற்றினால் உள்ளே வேறு அளவில் ஒரு நட். அதே நட்டோடு பக்கத்து வளவுக்காரரின் மெஷின் போகம் முழுக்க உழுகிறதென்றால் பிழை நட்டில் இல்லை. சிம்பன்சியும் கொரில்லாவும்தான் அந்தப் பக்கத்து வளவு. நாம் 800 கோடிப் பேர் இருந்தாலும் சிறிய கூட்டமொன்றிலிருந்து பெருகியதால் நமக்குள் மரபணு வேறுபாடு குறைவு, சிம்பன்சிகளிடம் அதிகம். ஓர் எழுத்து அவற்றிடம் பரவலாக இருக்கிறதென்றால் அது தலைமுறை தலைமுறையாகக் கழிபடாமல் தப்பி வந்திருக்கிறது.

2023இல் ஆய்வாளர்கள் குரங்குக் குடும்பத்தின் 233 இனங்களைச் சேர்ந்த 809 விலங்குகளின் மரபணுவைப் படித்து, புரதத்தை மாற்றும் 43 இலட்சம் எழுத்து மாற்றங்களைத் திரட்டினார்கள். வாலில்லாக் குரங்குகள் மட்டுமல்ல, நம் பயற்றங்கொடியை நாசமாக்கும் மந்தியின் சொந்தக்காரரும் அதில் அடக்கம். அவற்றில் மருத்துவர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தவற்றில் கிட்டத்தட்ட 99 வீதம் மனிதருக்கும் தீங்கில்லாதவையே.

ஆனால் இந்தச் சாட்சி விடுதலைக்கு மட்டும்தான் உதவும். குரங்கிடம் இல்லை என்பதற்காக எழுத்து குற்றவாளி ஆகிவிடாது. குட்டி போட்டு வளர்த்த பிறகு வரும் நோயை இயற்கை அவ்வளவாகக் கழிப்பதுமில்லை.

மச்சானின் எழுத்தைத் தேடினேன், ஒரு குரங்கிடமும் இல்லை. அவன் பிள்ளைகள் இருவருக்கும் எக்கோவுக்கு நாள் எடுத்துவிட்டான். மாமாவின் தங்கை என் அம்மா. வவுனியாவுக்குப் போய் நானும் ஒரு எக்கோ எடுக்கவேண்டும், இன்னும் போகவில்லை.