வாய்ப்: லேண்ட்லைன் இருந்த இடத்தில் வந்த சொல்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த இளைஞர், எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருந்த செப்புக் கம்பியைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தார். புதிதாக மாட்டிய வெள்ளைப் பெட்டியின் பின்புறத்தில் ‘போன்’ என்று எழுதியிருந்த துளையில் தொலைபேசியின் ஒயரைச் செருகினார். கருவி பழையதுதான், எண்ணும் பழையதுதான். “இனி இது வாய்ப்பில் ஓடும் அம்மா” என்றார். “வாய்ப்பு இருந்தால்தான் ஓடுமா?” என்று கேட்டார் அம்மா.

இளைஞர் சொன்னது ‘வாய்ப்’ (VoIP): தொலைபேசிப் பேச்சை இணையத்தின் முறையில் அனுப்பும் நுட்பம். அம்மாவின் காதைக் குறை சொல்ல முடியாது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அப்படி முடியும் இரவல் சொல் வந்தால் நம் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். கப் கப்பு ஆயிற்று, டேப் டேப்பு ஆயிற்று. வாய்ப் வாய்ப்பு ஆவதில் வியப்பு என்ன? எழுத்தில் பார்த்தாலும் அது பாதியில் நின்ற சொல்லாகத்தான் தெரிகிறது. பின்னால் பாட்டோ பேச்சோ வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கண் காத்திருக்கிறது.

அதன் விரிவு ‘வாய்ஸ் ஓவர் இன்டர்நெட் புரோட்டோகால்’. வாய்ஸ் என்பதற்கும் நம் வாய்க்கும் உறவு கட்டுகிறவர்கள் எப்படியும் வருவார்கள். அது வெறும் ஒலி ஒற்றுமை. லத்தீனில் குரலைக் குறித்த ‘வோக்ஸ்’ அதன் மூலம். அதற்கு நெருங்கிய உறவு வடமொழியின் ‘வாக்’. அங்கிருந்து நமக்கு வந்தது வாக்கு. ஆக, தேடினால் கிடைக்கும் ஒன்றுவிட்ட உறவு வாய் அல்ல, வாக்கு. புரோட்டோகால் கிரேக்கச் சொல். பாப்பிரஸ் சுருளின் முகப்பில் பசையிட்டு ஒட்டிய முதல் தாளுக்கு அந்தப் பெயர். பிறகு அரசுத் தூதர்களின் நடைமுறை மரபுக்கு ஆயிற்று, கடைசியில் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒழுங்குக்கு ஆயிற்று. தமிழில் ‘நெறிமுறை’ என்று வைத்தது மூலத்தைவிடத் தெளிவு என்பேன். நெறி என்றால் பாதையும் ஆகும், ஒழுக்கமும் ஆகும். கணினி நெறிமுறைக்கு இரண்டும் வேண்டும்.

பழைய முறையில் நாம் ஒருவரை அழைத்தால், பேச்சு முடியும்வரை அந்த அழைப்புக்கென்று ஒரு தடம் ஒதுக்கப்படும். இருவரும் வாய்மூடிக் கிடந்தாலும் அந்தத் தடத்தில் வேறு யாரும் நுழைய முடியாது. புதிய முறையில் தடம் எவருக்கும் சொந்தமில்லை. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதி, 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டுகிறார்கள். வழக்கமான கணக்கில் ஒரு துண்டில் 160 பைட் குரல். நொடிக்கு இப்படி 50 துண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் போய்ச்சேர வேண்டிய முகவரி. ஆங்கிலத்தில் இந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். பெயரை வைத்தவர் 1960களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ். பிற மொழிகளில் சிக்கலில்லாமல் பெயர்க்க வருமா என்று ஒரு மொழி அறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சொல்லை எடுத்தார். நமக்காகவும் யோசித்த மனிதர். தமிழில் ‘பொதி’ என்கிறோம். மாட்டின் முதுகில் ஏறி ஊர் ஊராகப் போன பொதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பொதிகள் தாமதமாக வந்தால் பேச்சு இடறும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட, இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் “நீங்கள் சொல்லுங்கள்” என்று நிறுத்தும் சங்கடம் கூடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேசாத நேரத்தில் பொதி அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு சில இணைப்புகளில் இருக்கிறது. அப்போது சுத்தமான அமைதி நிலவும். கேட்பவர் இணைப்பு அறுந்தது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்று கத்துவார். அதனால் கருவியே மெல்லிய இரைச்சலைத் தயாரித்துக் காதில் ஊற்றுகிறது. ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோன்கூட இப்போது தொலைபேசி நிலையத்திலிருந்து வருவதில்லை. வீட்டுப் பெட்டி தானே அதை ஊதுகிறது. பழைய தொலைபேசிபோல் இருக்க வேண்டும் என்பதற்காக நடக்கும் நாடகம் இது.

குரலைப் பொதியாக்கி அனுப்பும் முயற்சி நேற்று முளைத்ததல்ல. கணினி அறிஞர் டேனி கோஹனும் அவருடன் உழைத்தவர்களும் 1974இலேயே, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் பேசிப் பார்த்துவிட்டார்கள். 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் வந்த ஸ்கைப் அதை வீட்டுப் பழக்கமாக்கியது. 2025 மே மாதம் அதுவும் மூடப்பட்டது. இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் இணையப் பேச்சுக்கு வரம்போடு அனுமதி கிடைத்தது. செயலியிலிருந்து நாட்டுக்குள் எந்தத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம் என்ற நிலை 2018இல்தான் வந்தது.

இனி, போய்விட்ட சொல்லுக்கு வருவோம். லேண்ட்லைன் தந்திக் காலத்துச் சொல். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போடத் தொடங்கியபோது, நிலத்தின்மேல் போகும் கம்பியைப் பிரித்துக் காட்ட ‘லேண்ட்’ என்ற அடை தேவைப்பட்டது. அதாவது அப்போது அதன் எதிர்ச்சொல் கடல். பிறகு கம்பியில்லா வானொலி வந்தது, எதிர்ச்சொல் காற்று ஆயிற்று. கைபேசி வந்தபின் எதிர்ச்சொல் சட்டைப்பை. சொல் அங்கேயே நின்றது. எதிரே நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

கைபேசி வருவதற்கு முன் நம் வீட்டில் யாரும் லேண்ட்லைன் என்று சொன்னதில்லை. போன், அவ்வளவுதான். சென்னையில் 1882 ஜனவரி 28 அன்று தொலைபேசி நிலையம் திறந்ததிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக அடைமொழி இல்லாமலே வாழ்ந்த பொருளுக்கு, தம்பி பிறந்தபின் பெயர் நீண்டது. எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயின் நெய்யும் கடலையின் நெய்யும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதும், பெயருக்கு உரியது ‘நல்லெண்ணெய்’ என்று ஒதுங்கிக்கொண்டது அல்லவா? அந்தக் கதைதான்.

தமிழ்நாட்டு ஏடுகள் லேண்ட்லைனைத் ‘தரைவழித் தொலைபேசி’ என்று எழுதுகின்றன. இலங்கையில் ‘நிலையான தொலைபேசி’ என்பதைப் பார்க்கலாம். அது நகராமல் ஓரிடத்தில் இருப்பதை வைத்து வந்த பெயர். இரண்டில் எனக்கு இலங்கைச் சொல் பிடிக்கிறது. ஏனென்றால் தரைவழி என்பதில் இப்போது ஒரு சிக்கல் முளைத்துவிட்டது: ஃபைபரும் தரையில்தான் வருகிறது, அல்லது கம்பத்தில் தொங்கி வருகிறது. மாறியது தரை அல்ல, உள்ளே இருக்கும் பொருள். செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தது.

அந்த வேறுபாடு மின்சாரம் போகும்போது தெரியும். செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். தெரு முழுக்க இருட்டானாலும் போன் மணி அடிக்கும். கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுவருமே தவிர மின்சாரத்தைக் கொண்டுவராது. எங்கள் வீட்டில் முதல் மின்தடையிலேயே போன் ஊமையானது. “வாய்ப்பு இல்லை போலிருக்கிறது” என்றார் அம்மா. பிறகு பெட்டியை இன்வெர்ட்டரோடு இணைத்தோம். பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடப்போகும் பிரிட்டனில், தொலைபேசியை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளுக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செல்ல வழி செய்து தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது.

சரி, வாய்ப்புக்குத் தமிழ் என்ன? ‘இணைய நெறிமுறைவழிக் குரல்’ என்று எழுத்துக்கு எழுத்து பெயர்க்கலாம். பாடநூலில் நுட்பத்தை விளக்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் “இணைய நெறிமுறைவழிக் குரலில் கூப்பிடு” என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லப்போவதில்லை. ‘இணையத் தொலைபேசி’ சுருக்கமானது; கருவியைச் சொல்கிறதா சேவையைச் சொல்கிறதா என்பது மட்டும் மங்கல். நான் எழுதுவது ‘இணையவழித் தொலைபேசி’. தரைவழி என்ற சொல்லில் பழகிய ‘வழி’ அப்படியே கைகொடுக்கிறது. தொலைபேசி அதே தொலைபேசி, வந்த வழிதான் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறது. நடுவில் உள்ள ‘த்’ ஒற்றை விழுங்காமல் எழுதினால் மகிழ்வேன்.

ஒரு நுணுக்கம் மட்டும் பாக்கி. கைபேசிச் செயலியில் பேசுவது திறந்த இணையத்தில் எல்லாப் பொதிகளோடும் முட்டிமோதிப் போகிறது. ஃபைபர் பெட்டியில் செருகிய போனின் குரலோ பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில் முன்னுரிமையோடு போகிறது. நெறிமுறை இணையத்தினுடையது, பாதை இணையம் அல்ல. எண் வகையிலும் அது நிலையான தொலைபேசியே. ஊர்க் குறியீடு அப்படியே இருக்கிறது. 2021 ஜனவரி 15 முதல் நடப்பில் உள்ளபடி, கைபேசியை அழைக்கும்போது முன்னால் 0 போட வேண்டும். ஆகையால் அரசுப் படிவத்தில் ‘தரைவழித் தொலைபேசி எண்’ என்று கேட்டால் இந்த எண்ணைத் தயங்காமல் எழுதலாம்.

அந்த வெள்ளைப் பெட்டியை எங்கள் தெருவில் எல்லாரும் மோடம் என்கிறார்கள். மோடம் என்பது தொலைபேசிக் கம்பிக்குள் இணையத்தைத் திணிக்க வந்த கருவி. கீச்சுக் குரலில் அழுதுகொண்டே இணைப்புக் கொடுக்குமே, அது. அன்று தொலைபேசிக்குள் இணையம் குடியிருந்தது. இன்று இணையத்துக்குள் தொலைபேசி குடியிருக்கிறது, பெட்டிக்கு அதே பெயர்.