டைஜெஸ்டர் புளித்த வாரம்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஷிப்ட் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார். “சார், கேஸ் விட்டு விட்டு எரியுது. சுடர்ல தெம்பே இல்ல. ஒரு தடவை வந்து பாருங்க.”

எங்கள் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சுகிற வாயுவை எரித்துவிடும் குழாயைத்தான் சொன்னார். பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில்தான் அதன் நிறம் பிடிபடும். இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தெம்பில்லை என்றால் இல்லைதான். போய், சேற்றில் மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்தேன். நன்றாகச் செரித்த சேறு கன்னங்கரேலென்று இருக்கும், லேசாகத் தார் வாசனை அடிக்கும். அன்று வந்தது சாம்பல் நிறம். வெளியே மறந்து வைத்த தோசை மாவின் புளிப்பு மூக்கைக் குத்தியது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த நிலையத்தில் சேற்றை டைஜெஸ்டருக்கு, அதாவது அதைச் செரிக்கவைக்கும் மூடிய தொட்டிக்கு, ஏற்றும் பம்பு மூன்று நாள் பழுதாகிக் கிடந்தது. சரியானதும், தேங்கிய மூன்று நாள் சேற்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டோம். அவசரப்பட்டது நாங்கள்தான்.

சாக்கடை நீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீரிலிருந்து பிரித்த அழுக்கு எங்கே போகும்? அது தொட்டியின் அடியில் சேறாகச் சேர்கிறது. வருகிற நீரின் அளவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஆனால் நிலையத்தை நடத்தும் செலவில் பாதிவரைகூட அந்த ஒரு பங்கே விழுங்கிவிடும். அதை அப்படியே கொண்டுபோய் எங்காவது கொட்டினால் நாற்றத்தையும் நோயையும் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். சேற்றைக் கவனிக்காத நிலையத்தைச் சுத்திகரிப்பு நிலையம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டைஜெஸ்டர் என்பது காற்றுப் புகாத ஒரு பெரிய வயிறு. உள்ளே இரண்டு கிருமிக் கூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து எல்லாவற்றையும் உடைத்து அமிலமாக்கும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வாயுவாக்கும். முதல் கூட்டம் மளமளவென்று பெருகும். இரண்டாவது கூட்டம் இரண்டு மடங்காவதற்கே பல நாள் ஆகும். திடீரென்று அதிகம் போட்டால் அமிலம் குவிகிறது, அதைத் தின்ன ஆள் போதவில்லை, அமிலம் ஏற ஏற இரண்டாவது கூட்டம் இன்னும் சுருண்டு போகிறது. இதைத்தான் நாங்கள் ‘புளிச்சிடுச்சு’ என்போம்.

இங்கே புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புளிப்பு ஏற ஏற எண் இறங்கும் பிஎச் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கெட்ட செய்தியைக் கடைசியாகச் சொல்வது அதுதான். முதலில் அமில அளவு ஏறும், அப்புறம் காரத்தன்மை இறங்கும், வாயுவில் கரியமில வாயு கூடிச் சுடர் சோரும், அதற்குப் பிறகுதான் பிஎச் விழும். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும். அன்று எங்களுக்கு வந்தது 0.6-க்கு மேல். பிஎச் 6.5.

வைத்தியம்? லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்து. சேறு ஏற்றுவதை அடியோடு நிறுத்தினோம். சுண்ணாம்பு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் மறுத்தேன். சுண்ணாம்பு உள்ளேயிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிவிடும், மூடிய கூரைக்கடியில் அழுத்தம் சட்டென்று குறையும், கூரையே உள்வாங்கும் ஆபத்து உண்டு. அதனால் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்பசோடா, மூட்டை மூட்டையாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பிறகு பக்கத்து டைஜெஸ்டரிலிருந்து நல்ல சேற்றை எடுத்து, பாலுக்கு உறைமோர் விடுவதுபோல் இதில் விட்டோம். ஒன்பதாம் நாள் சுடர் நிமிர்ந்தது. அதன் பிறகும் இரண்டு வாரம் கால் வயிறு, அரை வயிறு என்று கூட்டித்தான் பழைய அளவுக்கு வந்தோம்.

நல்லபடியாக ஓடும் வயிறு நிறையத் திருப்பித் தரும். சேற்றில் உள்ள மக்கும் பொருளில் ஏறக்குறைய பாதி வாயுவாகிவிடுகிறது. வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். ஒரு கன மீட்டர் வாயுவில் சுமார் இரண்டு யூனிட் மின்சாரம் எடுக்கலாம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் 2000-களின் நடுவிலேயே இதற்கு கேஸ் இஞ்சின்கள் வைத்தார்கள். குளிர் நாடுகளில் டைஜெஸ்டரை 35 டிகிரிக்குச் சூடாக்கவே வாயுவின் ஒரு பகுதி போய்விடும். நமக்கு வெயிலே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. சேற்றை 20 முதல் 30 நாள் உள்ளே இருக்கவிட்டால் போதும். எரிக்காமல் வானில் விட்டால் அதே மீத்தேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

இந்த வாயுவுக்கு இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதோடு கலந்து வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தாலே சிறிது நேரத்தில் மூக்கு மரத்துவிடும். “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று நினைக்கும் அந்த நொடிதான் எமன் நிற்கும் இடம். ஆயிரம் பங்கைத் தொட்டால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்கக் குதிக்கும் இரண்டாவது ஆளும் விழுவார்.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்கிலும் இதே செரிமானம்தான் நடக்கிறது. அளவு சின்னது, வாயு அதேதான். தயவுசெய்து யாரையும் உள்ளே இறக்காதீர்கள். காசு அதிகம் கொடுத்தாலும் சரி, அவரே “இறங்குறேன் சார்” என்றாலும் சரி. பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்தும் பார்க்காதீர்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும்.

பினாயில் ஊற்றினால் கிருமிகள் செத்துவிடுமா என்று கேட்கிறார்கள். ஒரு ஊரின் சாக்கடையில் உங்கள் ஒரு மூடி பினாயில் கரைந்து காணாமல் போய்விடும். எங்களைப் படுத்துவது வேறு. நாப்கினும் ஈரத்துடைப்பான்களும் முடியோடு சேர்ந்து கயிறாகத் திரிந்து, டைஜெஸ்டருக்குள் சேற்றைக் கலக்கும் கருவியின் இறக்கையைச் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை வெட்டி எடுத்தது என் தொடைப் பருமன் இருந்தது. அப்புறம் மணல். மாடி மழைநீரைச் சாக்கடை இணைப்பில் விடும் வீடுகளால், ஒவ்வொரு மழைக்காலமும் மணல் வந்து டைஜெஸ்டரின் அடியில் படியும். வயிற்றில் கல் கட்டியதுபோல் இடம் குறைந்துகொண்டே போகும். முலாம் பூசும் பட்டறைகள் ராத்திரியில் திறந்துவிடும் குரோமியமும் நிக்கலும் கிருமிகளையே கொல்லும், மிஞ்சியது சேற்றில் தங்கும்.

காயவைத்த சேற்றுக்கு டிராக்டரோடு விவசாயிகள் வருவார்கள். நல்ல எருதான். ஆனால் 35 டிகிரியில் உருளைப்புழு முட்டைகள் சாவதில்லை. 55 டிகிரிக்குச் சூடேறும்படி குவித்துச் சில நாள் மக்கவைக்க வேண்டும். உலோகப் பரிசோதனை அறிக்கையும் கேட்டு வாங்க வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார்: “கீரைப் பாத்திக்குப் போடலாமா தம்பி?”

“கீரைக்கு வேணாங்கய்யா. முள்ளங்கி, வெங்காயத்துக்கும் வேணாம். தென்னைக்குப் போடுங்க. மண்ணோட கொத்தி மூடிடுங்க, வெறுங்கையால அள்ளாதீங்க.”

அறிக்கையின் நகலும் இரண்டு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்து அனுப்பினேன்.