வெளிநாட்டில் எத்தனை நாள் தங்கலாம்? விசா தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மகன் நியூ ஜெர்சியில். அவருக்கும் மனைவிக்கும் பத்து வருட அமெரிக்க விசா கிடைத்தது. "பத்து வருஷம் குடுத்துட்டாங்கப்பா, ஒரு வருஷம் இருந்துட்டு வரலாம்னு இருக்கோம்" என்று டீக்கடையில் சந்தோஷமாகச் சொன்னார். கீழ்வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விடப் பேசி அட்வான்ஸும் வாங்கியாயிற்று. அந்த விசாவில் போனால் ஒரே தடவையில் பொதுவாக ஆறு மாதம்தான் இருக்க முடியும் என்று நான் சொன்னபோது அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. அவருக்கு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அமெரிக்க விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி, அந்த நாட்டு வாசலுக்குப் போய் நிற்பதற்கான கெடு. உள்ளே போன பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பது தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். பி1/பி2 என்ற சுற்றுலா விசா நமக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தங்கும் காலத்தை முடிவு செய்பவர் அங்கே விமான நிலையத்தில் இருக்கும் இமிகிரேஷன் அதிகாரி. பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து அதை இலவசமாகப் பார்க்கலாம். இறங்கிய மறுநாளே மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லி, ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் போதவில்லை என்றால் ஐ-539 என்ற படிவத்தில் நீட்டிப்பு கேட்கலாம். ஐ-94 தேதி முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறது அங்குள்ள குடிவரவுத் துறை. கேட்டால் கிடைத்துவிடும் என்ற உறுதி கிடையாது, கட்டணமும் உண்டு. நீட்டிப்பை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்பது என் கருத்து. திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் கைகொடுக்கும் வழியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பேரக்குழந்தைக்குக் காதுகுத்து, நாலு நாள்தானே என்று கெடுவைத் தாண்டி இருந்துவிடக் கூடாது. ஐ-94 தேதியைத் தாண்டினால் அந்தப் பத்து வருட விசாவே செல்லாமல் போகும். அனுமதியில்லாமல் இருந்த காலம் 180 நாளைத் தாண்டிவிட்டுப் பிறகு கிளம்பினால் மூன்று ஆண்டுகளுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பத்து ஆண்டு. அறுபத்தைந்து வயதில் ஒருவருக்குப் பத்து ஆண்டுத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டனிலும் இதே கதைதான். 2, 5, 10 ஆண்டு என்று விசா வாங்கலாம், ஒரு பயணத்துக்கு ஆறு மாதம்தான் உச்சம்.

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிதான் பலரையும் குழப்புகிறது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து உட்பட 29 நாடுகள் சேர்ந்த பகுதி இது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பாரிஸில் 90 நாள் முடித்துவிட்டு ஜெர்மனியில் புதிதாகத் தொடங்க முடியாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வரும்.

கணக்கை எப்படிப் போடுவது? பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு அம்மா 2026 ஜனவரி 5 அன்று போய் மார்ச் 5 அன்று கிளம்பினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நாள். மகளுக்குப் பிரசவம் என்று ஜூன் 1 அன்று மறுபடியும் போகிறார். அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் டிசம்பர் 4 வரை வருகிறது. பழைய 60 நாளும் அதற்குள் விழுந்துவிட்டது. மிச்சம் 30 நாள். ஜூன் 30-க்குள் அவர் கிளம்பியாக வேண்டும். அதே அம்மா ஜூலை 4 அன்று போனால்? அன்று முதல் பின்னோக்கி எண்ணும்போது ஜனவரி 5 கணக்கிலிருந்து வெளியே போய்விடும். அடுத்தடுத்து ஒவ்வொரு நாளும் ஒரு பழைய நாள் கழியும், ஒரு புதிய நாள் சேரும். முழுதாக 90 நாள், அதாவது அக்டோபர் 1 வரை இருக்கலாம். ஒரு மாதம் தள்ளிப் போனதால் 30 நாள் 90 நாளாகிறது. விமான டிக்கெட் போடும் முன் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த எண்ணிக்கையைச் செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையதளத்திலும் இதற்கென்றே ஒரு கணக்கிடும் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று, ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஒரு எண் இருக்கும். 90 என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், 25 என்றும் போட்டிருப்பார்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் நடுவில் லண்டன் போய்வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிய ஆரம்பித்துவிட்டார்கள். முத்திரை மங்கலாக இருக்கிறது, கவனிக்கமாட்டார்கள் என்ற பழைய பேச்சு இனி எடுபடாது.

பக்கத்து நாடுகள் சுலபம், ஆனால் நீண்ட விடுமுறைக்கு ஏற்றவை இல்லை. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 இறுதி வரை விசா இல்லாமல் போகலாம், 30 நாள் வரை. போவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். சிங்கப்பூருக்கும் அதுபோல ஓர் அட்டை உண்டு. ஆனால் அங்கே விசாவும் வேண்டும். இறங்கிய பிறகு எத்தனை நாள் என்பது மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டில்தான் இருக்கும். துபாய் சுற்றுலா விசா 30 நாள் அல்லது 60 நாள். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம்.

இங்கே வடசென்னைக்காரர்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை என்று குறிப்பு இருக்கும். மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். எப்போது வருவோம் என்று தெரியாது, ஒருவழி டிக்கெட் போடுவோம் என்று கிளம்பினால் மீனம்பாக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். 50 வயதைத் தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள் அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ளத் தகுதி உள்ளவர்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே கேட்டு நீக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்போர்ட்டும் பயணம் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். பல நாடுகள் அதைக் கேட்கின்றன.

சரி, அவர்கள் எத்தனை நாள் தருவார்கள் என்பது தெரிந்துவிட்டது. எத்தனை நாள் இருப்பது? இதற்கு நான் வீட்டுப் பக்கமிருந்து எண்ணச் சொல்வேன்.

ரயில்வே போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், அதாவது லைஃப் சர்டிபிகேட். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். வெளிநாட்டிலிருந்து இந்தியத் தூதரகம் வழியாகக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வயதானவர்கள் பனியில் தூதரகம் தேடி அலைவதைவிட நவம்பருக்குள் திரும்பிவிடுவது நல்லது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்களுக்கு நவம்பர் கட்டாயம் இல்லை. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். ஆகவே கிளம்பும் வாரத்தில் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் உண்டு. உங்களுக்கு எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். இன்னும் வேலையில் இருக்கும் அரசு ஊழியர்கள் விடுப்பு மட்டும் வாங்கினால் போதாது, வெளிநாடு செல்ல முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

அப்புறம் மழை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், மணலிப் பக்கம் தரைத்தள வீட்டைப் பூட்டிவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் வெளியூரில் இருப்பது எவ்வளவு கலக்கமான விஷயம் என்று நமக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்க வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டில் பத்திரமும் பட்டாவும் தரையோடு கிடந்தால் யார் எடுத்து மேலே வைப்பது?

ஆகவே ஏப்ரல் கடைசியில் கிளம்பி அக்டோபர் தொடக்கத்தில் திரும்புவதுதான் நம் பக்கத்துக்குப் பொருத்தமான காலம். வெயிலும் தப்பும், அங்கே குளிரும் இருக்காது, மழைக்கும் வாழ்நாள் சான்றுக்கும் முன்னால் வீடு வந்துவிடலாம். சொத்துவரிக்கும் இது தோதான கணக்கு. மாநகராட்சிக்கு அரையாண்டு வரியை ஏப்ரலுக்குள்ளும் அக்டோபருக்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள், உச்சம் 5,000 ரூபாய். ஒன்றைக் கட்டிவிட்டுக் கிளம்பி, அடுத்ததற்குத் திரும்பிவிடலாம்.

வருமான வரிக் கணக்கை அங்கிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யலாம். அதற்கும் வங்கிக்கும் ஓடிபி வரும் எண் உயிரோடு இருக்க வேண்டும். போனில் இருக்கும் சிம்முக்கு ரோமிங்கைப் போட்டு, திரும்பும் தேதி வரை ரீசார்ஜ் செய்துவிட்டுப் போங்கள். ஐந்தாறு மாதம் வெளியே இருந்தால் என்ஆர்ஐ ஆகிவிடுவோமா என்று சிலர் பயப்படுகிறார்கள். இத்தனை ஆண்டும் இங்கேயே இருந்தவர், இந்த நிதியாண்டிலும் பாதிக்கு மேல் இங்கே இருந்தால் இந்தியாவில் வசிப்பவராகத்தான் கணக்கு, பென்ஷனுக்கு வரியும் வழக்கம்போல்தான்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் வரை கொண்டுபோகலாம், மேற்கொண்டு வேண்டியதைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுத் தங்கும் காலத்துக்கும் எடுங்கள், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்று பாலிசியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப் போங்கள். அமெரிக்காவுக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து என்பதே பொதுவான வரம்பு, அதனால் மீதி மாதங்களுக்கு என்ன செய்வது என்று மகனிடம் முன்பே பேசிவிடுங்கள். கழுத்தில் தாலிச்சரடும் பத்து சவரன் நகையும் போட்டுக்கொண்டு போகும் அம்மாக்கள், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி வராது.

எங்கள் தெருப் பெரியவர் வாடகைக்காரருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரல் 28 அன்று கிளம்பி அக்டோபர் 8 அன்று திரும்ப டிக்கெட் போட்டார்கள். ஆறு மாதக் கணக்கில் அவர்களுக்கு அக்டோபர் 27 வரை தங்க இடம் இருந்தது. விமானம் தவறினாலோ காய்ச்சல் வந்தாலோ தாங்கும்படி 19 நாள் கையிருப்பு. தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம் என்பதால், ஆளுக்கு இரண்டு பெட்டியோடு அவர்களை நானே கொண்டுபோய் விட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மகனுடைய போனிலிருந்து ஐ-94 படத்தை அனுப்பியிருந்தார். தேதி அக்டோபர் 27.